சிறு துணுக்கிலிருந்து நுரையீரல் புற்றின் வகையை அறிவது: மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊசி வழியாக எடுத்த நுரையீரல் துணுக்கு ஃபார்மலின் குப்பியில் கிடப்பதைப் பார்த்தால், வெள்ளை நூலை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் போட்டதுபோல இருக்கும். அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பிராங்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய்க் கருவி வழியாக) கிள்ளி எடுத்தது என்றால் கடுகளவுதான். நோய் முற்றிய பிறகு வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்த நூலும் கடுகும்தான் நம் கையில் கிடைக்கும் மொத்தத் திசு. நம் ஊரில் இருமலுக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்து, அதில் மாதங்கள் போய், அப்புறம் ஸ்கேன் எடுக்கும் கதை சாதாரணம். அப்படி வருபவரிடம் இன்னொரு முறை ஊசி போடலாமா என்று கேட்பது எளிதில்லை.

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது ஆர்என்ஏ; அந்தத் துணுக்கில் உள்ள ஆர்என்ஏவை அளந்து புற்றின் வகையைச் சொல்லும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. மூலக்கூறு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், நோயியல் படிக்கும் மருத்துவர்கள், தரவுப் பக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வருபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பரிசோதனையில் விடை தவறுவது பெரும்பாலும் கணினியில் அல்ல, திசு குழாய்க்குள் போகும் முன்பே. அதனால் அந்தப் பகுதிக்குத்தான் இங்கே அதிக இடம்.

முதல் படி: கேள்வி என்ன என்று முடிவு செய்யுங்கள்

நுரையீரல் புற்றில் ஏறக்குறைய 85 சதவீதம் சிறுசெல் அல்லாத வகை, மிச்சம் சிறுசெல் வகை. சிறுசெல் அல்லாததில் அடினோகார்சினோமாவும் (சுரப்பிச் செல் வகை) ஸ்குவாமஸ் கார்சினோமாவும் (தட்டைச் செல் வகை) முக்கியமானவை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டையும் பிரிக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை, ஏனென்றால் மருந்து ஒன்றுதான். பிறகு நிலைமை மாறியது. பெவாசிஸுமாப் என்ற மருந்து கொடுத்த ஸ்குவாமஸ் நோயாளிகளில் சிலருக்கு நுரையீரலில் உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்பட்டது. பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து ஸ்குவாமஸ் அல்லாதவர்களிடம்தான் நன்றாக வேலை செய்கிறது என்று 2008-இல் தெரிந்தது. இன்று இம்யூனோதெரபி வந்த பிறகும், அதனுடன் சேர்க்கும் கீமோ பெமெட்ரெக்ஸெட்டா பேக்ளிடாக்செலா என்பதை வகைதான் தீர்மானிக்கிறது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுக்களில், தனி மருந்து உள்ள மாற்றங்கள் அதிகம் கிடைப்பதும் அடினோகார்சினோமாவில்தான்.

பெரும்பாலான துணுக்குகளுக்கு மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை தேவையே இல்லை. நுண்ணோக்கியில் சுரப்பி அமைப்போ (அடினோ) கெரட்டினோ (ஸ்குவாமஸ்) தெரிந்தால் வகை தெரிந்துவிட்டது. தெரியாவிட்டால் டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு ஐஹெச்சி சாயங்கள் (குறிப்பிட்ட புரதம் உள்ள செல்லை மட்டும் நிறமாக்குபவை) போதும். டிடிஎஃப்-1 பிடித்தால் அடினோ பக்கம், பி40 பரவலாகப் பிடித்தால் ஸ்குவாமஸ் பக்கம். இந்தச் சிக்கனமான முறையை 2011-இல் வந்த சர்வதேச வகைப்பாடு முன்வைத்தது. 2015 உலக சுகாதார நிறுவன வகைப்பாடும் அதையே ஏற்றது. இரண்டும் பிடிக்காமல், அமைப்பும் புரியாமல் நிற்கும் கொஞ்சம் துணுக்குகள்தான் 'வகை குறிப்பிட இயலாதவை' என்ற பெயரில் தேங்கி நிற்கின்றன. நமக்கு வேலை அங்கே.

இன்னொரு இடமும் உண்டு. சிறுசெல் புற்றின் செல்கள் மிக மென்மையானவை. இடுக்கியில் கிள்ளும்போதே நசுங்கி, நீலக் கோடுகளாக இழுபட்டுவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுசெல்லா, லிம்ஃபோசைட்டா (ஒரு வகை வெள்ளணு), கார்சினாய்டா (மெதுவாக வளரும் நரம்புச்சுரப்பிக் கட்டி) என்று சொல்ல முடியாது. நசுங்கிய செல்லின் உருவம்தான் போய்விடுகிறது. அதன் ஆர்என்ஏவில் ஏஎஸ்சிஎல்1, ஐஎன்எஸ்எம்1 போன்ற நரம்புச்சுரப்பி மரபணுக்களின் தடயம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

ஆக, 'இது அடினோவா ஸ்குவாமஸா' என்பது ஒரு கேள்வி. 'சிறுசெல்லா, கார்சினாய்டா' என்பது வேறு கேள்வி. 'சிறுசெல்லுக்குள் எந்த உட்பிரிவு' என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மரபணுப் பட்டியல் வேறு. எந்தக் கேள்விக்காகத் துணுக்கைச் செலவழிக்கிறோம் என்பது கோரிக்கைப் படிவத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: இந்த முறை எங்கிருந்து வந்தது

இந்த வரலாற்றில் ஒரு எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. 2001 நவம்பரில் ஹார்வர்டு குழுவும் ஸ்டான்ஃபோர்டு குழுவும் ஒரே இதழில் தனித்தனியாகத் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. ஹார்வர்டு குழு 186 புற்றுகளையும் 17 இயல்பான நுரையீரல் மாதிரிகளையும் மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்கும் சில்லு) அளந்தது. ஸ்டான்ஃபோர்டு குழு 67 புற்றுகளை அளந்தது. யாரும் வகையைச் சொல்லிக் கொடுக்காமலேயே, வெளிப்பாட்டு எண்களை வைத்து ஸ்குவாமஸ், சிறுசெல், அடினோ என்று மாதிரிகள் தாமாகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. அடினோவுக்குள்ளும் உட்பிரிவுகள் தெரிந்தன. புற்று மரபணுத்தொகை அட்லஸ் திட்டம் 2012-இல் 178 ஸ்குவாமஸ் புற்றுகளையும் 2014-இல் 230 அடினோகார்சினோமாக்களையும் அலசி அந்தப் படத்தை இன்னும் துல்லியமாக்கியது.

இவை எல்லாம் அறுவை சிகிச்சையில் எடுத்த பெரிய கட்டிகள், உறைய வைத்துப் பாதுகாத்தவை. உங்கள் மேசையில் இருப்பதோ ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த ஒரு நூல். இந்த இடைவெளியைக் கடக்க வட கரோலினா பல்கலைக்கழகக் குழு 2013-இல் ஒரு பட்டியலை வெளியிட்டது: மொத்தம் 57 மரபணுக்கள், அதில் 5 ஒப்பீட்டுக்கான நிலை மரபணுக்கள் (எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பவை). மெழுகுத் திசுவில் பிசிஆர் (சுற்றுச் சுற்றாகப் படியெடுத்துப் பெருக்கும் முறை) மூலம் அளந்து அடினோ, ஸ்குவாமஸ், சிறுசெல், கார்சினாய்டு என்று நான்காகப் பிரிப்பது அதன் நோக்கம். இருபதாயிரம் மரபணுக்களிலிருந்து ஐம்பத்தேழுக்கு இறங்கி வந்ததுதான் சிறு துணுக்குக்கு வழி திறந்தது.

மூன்றாம் படி: துணுக்கு ஃபார்மலினுக்குப் போகும் நேரம்

ஆர்என்ஏ அழிவது துணுக்கு உடம்பை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்தே தொடங்கிவிடும். எடுத்தவுடன் 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் போட வேண்டும். சலைனில் நனைத்த துணியில் வைத்து மதியம்வரை காத்திருப்பதெல்லாம் கூடாது. குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும், 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. துணுக்கு மெல்லியதுதானே, ஒரு மணி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபார்மலின் உள்ளே ஊடுருவ ஒரு மணி நேரம் போதும். வேதிப்பிணைப்பு முடியப் போதாது. அதேபோல் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துணுக்கு திங்கள்வரை குப்பியிலேயே கிடந்தால் ஆர்என்ஏ மேலும் மேலும் கட்டுண்டு நொறுங்கும். எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், வெளியே எடுத்த நேரம் மூன்றையும் குப்பியின் மேலேயே எழுதும் பழக்கத்தைக் கொண்டு வந்தால், பின்னால் பாதிச் சிக்கல்களுக்குக் காரணம் தெரியும்.

எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எலும்பை மென்மையாக்க அமிலத்தில் போட்டுவிட்டால் ஆர்என்ஏவை மறந்துவிட வேண்டியதுதான். இடிடிஏ கொண்டு செய்தால் தாமதமாகும், ஆனால் நியூக்ளிக் அமிலம் பிழைக்கும்.

நான்காம் படி: பிளாக்கை ஒரே தடவையில் வெட்டுங்கள்

நான் பார்த்ததிலேயே அதிகமாகத் திசு வீணாவது இங்கேதான். துணுக்கைப் புதைத்த மெழுகுத் துண்டுதான் பிளாக். அதை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் பூட்டும் ஒவ்வொரு முறையும் கத்திக்கு முகம் சமமாகும்வரை சில வெட்டுகள் குப்பைக்குப் போகும். பெரிய கட்டியில் அது கணக்கே இல்லை. நூலளவு துணுக்கில், மூன்று முறை பூட்டிக் கழற்றினால் பாதித் திசு போய்விடும். முதலில் ஹெச்அண்ட்ஈ (செல்களின் உருவத்தைக் காட்டும் வழக்கமான சாயம்), இரண்டு நாள் கழித்து ஐஹெச்சி, ஒரு வாரம் கழித்து இஜிஎஃப்ஆர், பிறகு ஆர்என்ஏ என்று தவணை முறையில் வெட்டினால் கடைசியில் வருபவருக்கு மெழுகுதான் கிடைக்கும்.

ஒரு பிளாக் நினைவிருக்கிறது. எங்களுக்கு வந்தபோது சிலைடில் திசு இருக்கும் இடத்தையே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தேட வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தத் துணுக்கில் பதினொரு ஐஹெச்சி சாயங்கள் போட்டிருந்தார்கள். பதினொன்றும் சேர்ந்து சொன்னது, 'வகை தெளிவில்லை' என்பதுதான். இரண்டு சாயத்துக்குப் பிறகு நிறுத்தியிருந்தால் எங்களால் ஒரு விடை தந்திருக்க முடியும் என்று இன்றும் தோன்றுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிளாக்குக்கு அது இன்னும் பொருந்தும்.

ஆகவே முதல் முறை பூட்டும்போதே எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சிலைடு ஹெச்அண்ட்ஈ. அடுத்து ஐஹெச்சிக்காகச் சாயமில்லாத நான்கைந்து. பிறகு டிஎன்ஏ, ஆர்என்ஏவுக்கென்று பத்துப் பன்னிரண்டு. கடைசியில் மறுபடி ஒரு ஹெச்அண்ட்ஈ. அந்தக் கடைசிச் சிலைடைத் தவிர்க்காதீர்கள். முதல் சிலைடில் இருந்த புற்று, ஐம்பது மைக்ரான் ஆழத்தில் தீர்ந்துபோய் வெறும் தழும்புத் திசுவாகி இருக்கலாம். அப்படி நடந்ததைக் காட்டிக்கொடுப்பது கடைசிச் சிலைடு மட்டும்தான்.

பிளேடு புதிது, தண்ணீர்த்தொட்டி சுத்தம், இரண்டு நோயாளிகளுக்கு இடையே துடைப்பு ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். வெட்டிய சிலைடுகளை மாதக்கணக்கில் வெளியே வைக்காமல் சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். காற்றுப் பட்ட மெல்லிய வெட்டில் ஆர்என்ஏ பிளாக்கில் இருப்பதைவிட வேகமாகக் கெடும்.

முன்னுரிமை விஷயத்தில் என் கருத்து இது: நோயாளிக்கு உடனே மருந்து தரக்கூடிய பரிசோதனைகள் முதலில். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1, பிடி-எல்1 ஆகியவற்றுக்கு எடுத்து வைத்த பிறகே வகைப்பாட்டு ஆர்என்ஏ. ஏஎல்கே, ராஸ்1, ரெட் போன்ற மரபணு இணைவுகளை (இரண்டு மரபணுக்கள் ஒட்டி ஒன்றாவது) ஆர்என்ஏவிலேயே பார்க்கும் முறை உங்கள் ஆய்வகத்தில் இருந்தால், ஒரே குழாயிலிருந்து இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எதைச் சுரண்டுகிறீர்கள்?

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள்.

ஐஹெச்சியில் டிடிஎஃப்-1 சாயம் போட்டால், எந்த நியூக்ளியஸ் பழுப்பானது என்று பேத்தாலஜிஸ்ட் கண்ணால் பார்க்கிறார். புற்று செல் பிடித்ததா, பக்கத்தில் இருக்கும் இயல்பான காற்றறைச் செல் பிடித்ததா என்று அவருக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியாது. எல்லாவற்றையும் கரைத்து ஒரே ஆர்என்ஏ கரைசலாக்கிவிட்ட பிறகு, அரைத்த சாம்பார் பொடியிலிருந்து மல்லியைத் தனியாக எடுக்கப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

இதில் நுரையீரலுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. அடினோவுக்கு அடையாளம் என்று நாம் நம்பும் மரபணுக்கள், டிடிஎஃப்-1 புரதத்தைத் தரும் என்கேஎக்ஸ்2-1, நாப்சின் ஏ, சர்ஃபாக்டன்ட் மரபணுக்கள் எல்லாமே இயல்பான காற்றறைச் செல்களிலும் நன்றாக ஒலிக்கும், அதாவது அதிகம் வெளிப்படும். ஸ்குவாமஸ் அடையாளமான கெரட்டின் 5, டிபி63 ஆகியவை மூச்சுக்குழாயின் அடித்தளச் செல்களில் இயல்பாகவே உண்டு. புகைபிடித்தவரின் மூச்சுக்குழாயில் ஸ்குவாமஸ் மாற்றம் வேறு இருக்கும். அதாவது ஊசியில் எடுத்த ஸ்குவாமஸ் துணுக்கில் பக்கத்துக் காற்றறை ஒட்டிக்கொண்டு வந்தால் அது அடினோபோலத் தெரியலாம். பிராங்கோஸ்கோபியில் கிள்ளிய அடினோவில் மூச்சுக்குழாய்த் தோல் சேர்ந்து வந்தால் அது ஸ்குவாமஸ்போலத் தெரியலாம்.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? கற்பனை எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். அடினோ புற்றில் நாப்சின் ஏ அளவு 100 என்று கொள்வோம், இயல்பான காற்றறையிலும் 100, ஸ்குவாமஸ் புற்றில் 0.2. பிசிஆரில் ஒரு சுற்று என்பது இரு மடங்கு. அதனால் அடினோவுக்கும் ஸ்குவாமஸுக்கும் இடையே ஏறக்குறைய 9 சுற்று வித்தியாசம் இருக்கும், அருமையான இடைவெளி. இப்போது ஸ்குவாமஸ் துணுக்கில் 10 சதவீதம் மட்டும் காற்றறை கலக்கட்டும். அளவு 0.2-இலிருந்து 10-ஐத் தாண்டிவிடும். தூய ஸ்குவாமஸிலிருந்து 5.7 சுற்று மேலே ஏறி, அடினோவிலிருந்து 3.3 சுற்று தூரத்தில் வந்து நிற்கும். பத்தே சதவீதம் கலந்ததில் பாதி வழிக்கு மேல் கடந்துவிட்டது! 70 சதவீதம் கலந்தால் அடினோவோடு அரைச் சுற்றுதான் வித்தியாசம். அந்த அளவை வைத்துப் பிரிக்கவே முடியாது.

'புற்று 30 சதவீதம் இருந்தால் போதும்' என்ற விதி டிஎன்ஏ மாற்றம் தேடுபவர்களிடமிருந்து நமக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மாற்றம் என்பது புற்று செல்லில் மட்டும் இருப்பது. இயல்பு செல் அதை நீர்க்கச் செய்யும், போலியாக உருவாக்காது. வெளிப்பாடு அப்படியில்லை. அதனால் சதவீதத்தை மட்டும் கேட்காதீர்கள், மிச்சம் என்ன என்று கேளுங்கள். நிணநீர்க்கணுவிலிருந்து ஊசியில் உறிஞ்சிய மாதிரியில் மிச்சம் லிம்ஃபோசைட் என்றால் பெரிய கவலையில்லை. லிம்ஃபோசைட்டில் நாப்சினும் இல்லை, கெரட்டின் 5-உம் இல்லை. இரண்டு ஒலியும் ஒரே அளவு குறையும், விகிதம் மாறாது. மிச்சம் காற்றறை என்றால் 20 சதவீதம்கூட அதிகம்.

செய்முறை எளிது. ஹெச்அண்ட்ஈ சிலைடில் பேத்தாலஜிஸ்ட் புற்றுப் பகுதியைப் பேனாவால் வட்டமிடுகிறார். சாயமில்லாத சிலைடை அதன்மேல் வைத்து அந்த வட்டத்துக்குள் மட்டும் புதிய பிளேடால் சுரண்டுகிறோம். வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதச் சொல்லுங்கள்: புற்று எத்தனை சதவீதம், காற்றறையும் மூச்சுக்குழாய்த் தோலும் சேர்ந்து எத்தனை சதவீதம். முடிந்தால் டிடிஎஃப்-1, பி40 சிலைடுகளையும் பக்கத்தில் வைத்து வட்டம் போடச் சொல்லுங்கள். புற்றுக்குள் சிறைப்பட்ட காற்றறைச் செல்கள் அவற்றில்தான் பளிச்சென்று தெரியும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதும் இங்கே முழுசாகச் செல்லாது. ஒரே கட்டியில் ஒரு பக்கம் சுரப்பி, மறு பக்கம் ஸ்குவாமஸ் என்று இருப்பதுண்டு. அடினோஸ்குவாமஸ் என்று பெயரிட ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். அதை முழுக் கட்டியை அறுத்து எடுத்தபின்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆறாம் படி: ஆர்என்ஏ எடுப்பதும் அதன் தரமும்

எவ்வளவு கிடைக்கும் என்று முன்பே கணக்குப் போடலாம். ஒரு செல்லில் சுமார் 10 முதல் 30 பிகோகிராம் ஆர்என்ஏ. ஒரு வெட்டில் 2,000 புற்று செல்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து மைக்ரான் வெட்டில் ஒவ்வொரு செல்லின் கால்வாசிதான் இருக்கும், ஆக 500 முழுச் செல்கள். ஒரு சிலைடுக்கு 5 முதல் 15 நானோகிராம், பத்துச் சிலைடுக்கு 50 முதல் 150. இது கணக்குப்படி உச்சம். மெழுகுத் திசுவில் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

மெழுகை நீக்கி, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே போட்டுக் கரைத்து, பிறகு 80 டிகிரி வாக்கில் 15 நிமிடம் சூடாக்குவது பெரும்பாலான கிட்களில் உள்ள முறை. ஃபார்மலின் போட்ட முடிச்சுகளில் ஒரு பகுதியை அந்தச் சூடு அவிழ்க்கிறது. வெப்பநிலையைக் கூட்டினால் இன்னும் அவிழும் என்று நினைத்தால் ஆர்என்ஏவே நொறுங்கும். டிஎன்ஏவை அழிக்கும் டிநேஸ் படியை விட்டுவிடாதீர்கள். குறைந்த ஆர்என்ஏவில் கொஞ்சம் டிஎன்ஏ கலந்தாலும் பிசிஆர் ஏமாறும்.

அளக்க ஒளிர்சாய முறையைப் பயன்படுத்துங்கள். ஒளி உறிஞ்சும் முறை இந்தச் சிறிய அளவுகளில் நம்பத் தகுந்ததல்ல. தரத்துக்கு டிவி200 பாருங்கள்: 200 நியூக்ளியோடைடைவிட நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம் என்பது அது. 50-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே வரிசைமுறை ஆய்வுக்கு ஏற்றதல்ல. சிறிய பிசிஆர் துண்டுகளை வைத்து முயலலாம். ரிபோசோம் ஆர்என்ஏவை வைத்துப் போடும் ரின் மதிப்பெண் மெழுகுத் திசுவில் எப்போதும் மோசமாகத்தான் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஏழாம் படி: எந்தக் கருவி?

சில பத்து மரபணுக்கள் போதும் என்றால் ஆர்டி-க்யூபிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி அளக்கும் பிசிஆர்) நல்லது, எல்லா ஊரிலும் உண்டு. பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 60 முதல் 100 பேஸ் நீளத் துண்டுகளைப் பெருக்கும்படி இருக்க வேண்டும்; நீளம் கூடினால் நொறுங்கிய ஆர்என்ஏவில் பிடிக்காது. நானோஸ்ட்ரிங் முறையில் பெருக்கமே இல்லை, நூறு பேஸ் அளவுப் பகுதியில் வண்ணக் குறியீடு ஒட்டி நேரடியாக எண்ணுவது. நொறுங்கிய ஆர்என்ஏவுக்குப் பொருத்தம், ஆனால் வழக்கமாக 100 நானோகிராம் அளவு கேட்கும். இலக்குப் பகுதிகளை மட்டும் பிடித்தெடுக்கும் ஆர்என்ஏ வரிசைமுறை ஆய்வு இணைவுகளையும் காட்டும், செலவும் நாளும் கூடும்.

மைக்ரோ ஆர்என்ஏவையும் மறக்க வேண்டாம். ஏறக்குறைய 22 நியூக்ளியோடைடுதான் நீளம் என்பதால் ஃபார்மலினில் நொறுங்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மிர்-205 ஸ்குவாமஸில் உயர்ந்திருப்பதை வைத்து ஒரு பரிசோதனையே 2009-இல் வெளியானது.

எட்டாம் படி: எண்களைச் சமன் செய்வது

பிசிஆரில் சிடி எண் (மரபணு கண்டறியும் அளவுக்குப் பெருக எத்தனை சுற்று ஆனது என்பது) குறைய, மரபணு அதிகம். ஒரு மாதிரியில் நிலை மரபணுக்களின் சராசரி சிடி 26, கெரட்டின் 5-க்கு 24, நாப்சினுக்கு 33 என்று வைப்போம். 26-இலிருந்து கழித்தால் கெரட்டினுக்கு +2, நாப்சினுக்கு −7. இடைவெளி 9 சுற்று, அதாவது 512 மடங்கு. தெளிவான ஸ்குவாமஸ் பக்கம். நிலை மரபணு ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்தின் சராசரியை எடுங்கள். அந்தச் சராசரியே 32, 33 என்று போனால் கணக்குப் போடாமல் நிறுத்திவிடுங்கள், ஆர்என்ஏ போதவில்லை.

இரண்டு பக்கமும் உயர்ந்து வந்தால்? பெரும்பாலும் அது ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போகச் சொல்லும் மணி. கலப்பா, உண்மையிலேயே இருவகைப் புற்றா என்று சிலைடுதான் சொல்லும்.

ஒன்பதாம் படி: வகைப்படுத்தும் கணக்கு

எளிய முறை இது: தெரிந்த மாதிரிகளை வைத்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு சராசரி வடிவம் தயாரிக்கிறோம். நோயாளியின் வடிவம் எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதுதான் வகை. ஐம்பது மரபணுக்களுக்கு இதற்கு மேல் சிக்கலான முறை தேவைப்படுவது அரிது என்பது என் அனுபவம். கூடவே, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியையும் கணக்கிட்டு, அது குறைவாக இருந்தால் 'முடிவில்லை' என்று சொல்லும் வசதி வேண்டும்.

தரவுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, மையப்படுத்துதல். ஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொரு மரபணுவையும் மொத்த மாதிரிகளின் நடு மதிப்பால் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நோயாளியின் துணுக்கு வந்தால் எதன் நடு மதிப்பைக் கழிப்பீர்கள்? அந்த வாரத்து எட்டு மாதிரிகளின் நடு மதிப்பைக் கழித்தால், எட்டில் ஏழு அடினோவாக இருக்கும்போது, கொஞ்சம் மங்கலான அடினோகூட ஸ்குவாமஸ் பக்கம் தள்ளப்படும். நிலையான ஒப்பீட்டுத் தொகுதியை உங்கள் ஆய்வகத்திலேயே உங்கள் கருவியில் ஒருமுறை தயாரித்து, அதன் எண்களையே என்றும் பயன்படுத்துங்கள். அல்லது ஒரே மாதிரிக்குள் 'இந்த மரபணு அந்த மரபணுவைவிட அதிகமா' என்று ஜோடி ஜோடியாகக் கேட்கும் முறைக்கு மாறுங்கள்; அதற்கு வெளி ஒப்பீடே வேண்டாம்.

இரண்டாவது, கசிவு. எல்லா மாதிரிகளையும் பார்த்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தால் துல்லியம் பொய்யாக உயரும். ஒரே நோயாளியின் இரண்டு துணுக்குகள் இரண்டு பக்கமும் போனாலும் அதேதான்.

மூன்றாவது, மூடிய பட்டியல். நான்கு வகை கற்ற கணக்குக்கு ஐந்தாவது என்று ஒன்று இருப்பது தெரியாது. பெருங்குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ நுரையீரலுக்குப் பரவிய புற்றைக் கொடுத்தாலும் நான்கில் ஒன்றைச் சொல்லும், அதுவும் உறுதியாக. தைராய்டு புற்றில் டிடிஎஃப்-1 பிடிக்கும் என்பதால் அது அடினோ என்றே வரலாம். எந்த வகையோடும் ஒற்றுமை குறைவு என்றால் விடை தராமல் நிறுத்தும் எல்லையை வையுங்கள். நோயாளிக்கு முன்பு வேறு புற்று இருந்ததா என்று கேட்பதற்கு எந்தக் கணக்கும் ஈடில்லை.

சிறுசெல் உட்பிரிவுகளுக்கு இப்போது வேகம் பிடித்திருக்கிறது. ஏஎஸ்சிஎல்1, நியூரோடி1, பிஓயு2எஃப்3, ஒய்ஏபி1 என்று நான்காகப் பிரிக்கலாம் என 2019-இல் முன்மொழிந்தார்கள். 2021-இல் வந்த ஆய்வு நான்காவதின் இடத்தில் அழற்சி மிகுந்த வகை ஒன்றை வைத்தது. இது இன்னும் ஆய்வுக் களம்தான். நாளை மருந்துத் தேர்வுக்கு உதவலாம், இன்றைய அறிக்கையில் முடிவாக எழுத வேண்டாம்.

பத்தாம் படி: உங்கள் ஆய்வகத்திலேயே சரிபாருங்கள்

அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த துணுக்கும், பிறகு எடுத்த முழுக் கட்டியும் இரண்டுமே உள்ள நோயாளிகளைத் தேடுங்கள். துணுக்கு சொன்னதும் கட்டி சொன்னதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் உண்மையான தேர்வு. கூடவே ஒரே ஆர்என்ஏவை 50, 25, 10, 5 நானோகிராம் என்று குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் விடை தள்ளாடுகிறது என்று பாருங்கள். தெரிந்த ஸ்குவாமஸ் ஆர்என்ஏவில் இயல்பு நுரையீரல் ஆர்என்ஏவை வேண்டுமென்றே 5, 10, 20, 40 சதவீதம் கலந்தும் ஓட்டுங்கள். ஐந்தாம் படியில் நான் போட்ட கற்பனைக் கணக்கின் உண்மை எண்கள் உங்கள் கருவிக்கு அப்போது கிடைக்கும். இந்தக் கலப்புச் சோதனையைப் பலர் செய்வதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

20 ஜோடிக்கு 20-உம் சரியாக வந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் உண்மைப் பிழை 15 சதவீதம்வரை இருந்தாலும் அப்படி வர வாய்ப்பிருக்கிறது. 60-க்கு 60 என்றால் அது 5 சதவீதமாகக் குறையும்.

அறிக்கை

அறிக்கையில் வகை மட்டும் போதாது. சுரண்டிய பகுதியில் புற்று சதவீதம், காற்றறை சதவீதம், ஆர்என்ஏ அளவு, டிவி200, ஒற்றுமை மதிப்பெண், இரண்டாமிட வகை ஆகியவையும் இருக்க வேண்டும். 'ஸ்குவாமஸ்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், 'உருவ அமைப்பும் ஐஹெச்சியும் வகையைக் காட்டாத இந்தத் துணுக்கில், மரபணு வெளிப்பாடு ஸ்குவாமஸ் வகையை ஆதரிக்கிறது' என்று எழுதுங்கள். இஜிஎஃப்ஆர் மருந்தில் இருந்தவருக்கு நோய் மீண்டும் வளர்ந்து துணுக்கு எடுத்திருந்தால், அடினோ சிறுசெல்லாக மாறியிருக்க வாய்ப்புண்டு. பழைய அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகப் புதிய விடையைத் தூக்கி எறியாதீர்கள்.

சிலைடும் எண்ணும் முரண்பட்டால் கையெழுத்துப் போடும் முன் பேத்தாலஜிஸ்டைக் கூப்பிட்டு, வட்டமிட்ட அந்தச் சிலைடை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். வட்டத்தின் ஓரத்தில் காற்றறை தெரிந்தால் மிச்சச் சிலைடில் சிறிய வட்டமாகப் போட்டு மறுபடி ஓட்டலாம். சிலைடு மிச்சமில்லை என்றால் 'வகை உறுதியாகவில்லை' என்று எழுதி, அடுத்த துணுக்கு எடுப்பதாக இருந்தால் எந்த இடத்திலிருந்து, எத்தனை துண்டு வேண்டும், எந்தக் குப்பியில் எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்து அனுப்புங்கள்.